காய்ச்சல் பக்கத்தில் இருந்த லிங்க்

ஷிபா பிறந்தது பாறசாலைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகிற ஊரில். அப்பா தங்கையன் வாழைக்குலை வியாபாரி. மகள் கம்ப்யூட்டர் படித்து கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது சபையில் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொன்னார். ஆனால் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்கொண்ணு முடிச்சுப் போடுற வேல" என்பார். பெரிய தப்பில்லை.

ஒரு மருத்துவமனைக்கு எண்ணூறு பக்கமுள்ள இணையதளம் இருக்கிறது என்றால், அதில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு லிங்க் போகவேண்டும் என்று முடிவு செய்வது ஷிபாவின் வேலை. தேடுபொறி அந்த லிங்குகளைப் பிடித்துக்கொண்டுதான் தளத்துக்குள் நடக்கும். நிறையப் பேர் பார்க்கிற பக்கத்திலிருந்து லிங்க் வாங்கிய பக்கத்தை முக்கியமானது என்று எடுத்துக்கொண்டு தேடலில் மேலே காட்டும். எதிலிருந்தும் லிங்க் இல்லாத பக்கம் தளத்தில் இருந்தும் இல்லாததுதான். ஷிபா இந்த வேலையில் கெட்டிக்காரி. முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்த்தார்கள். மூன்று வருடமாக அவள் கையில் இருந்தது நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தளம்.

கணவன் சஜி தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவனுடைய அம்மா எலிசாளும் அவர்களோடு ஸ்ரீகாரியத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. இல்லாததைப் பற்றிப் பேசுவதை மூன்று பேருமே என்றோ நிறுத்தியிருந்தார்கள்.

சென்ற அக்டோபரில் இரண்டு நாள் விடாத மழை. தம்பானூரில் வழக்கம்போலத் தண்ணீர் ஏறியது. லாட்ஜின் கீழ்த்தளத்தில் முட்டளவு. சஜியும் வேலைக்காரர்களும் அந்தத் தண்ணீரில் நின்றபடி மெத்தைகளையும் கட்டில்களையும் மாடிக்கு ஏற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

"வைரலாக்கும்" என்றான். "ஊரெல்லாம் இருக்கு."

"காலு வலிக்குன்னு சொன்னீங்களே?"

"வலிக்காதா பின்ன. ரெண்டு நாளு மெத்த சொமந்ததுல்லா."

சுமந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறியது. மூன்றாம் நாள் காலையில் ஷிபா ஆபீசுக்குக் கிளம்பும்போது எலிசாள் வாசல்வரை வந்தாள்.

"ஒனக்க கம்ப்யூட்டர்ல பாரு மக்ளே. இது என்ன மாதிரிக் காய்ச்சல்னு அதுல போட்டிருக்கும்லா."

ஷிபா பார்த்தாள். ஆபீசில் உட்கார்ந்து, காய்ச்சல், கால் வலி என்று அடித்தபோது முதலில் வந்தது அவளே பார்த்துக்கொள்கிற மருத்துவமனையின் காய்ச்சல் பக்கம். அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். முழுக்கப் படித்தாள். மூன்று நாளுக்கு மேல் போனால் ரத்தப் பரிசோதனை செய்யவும் என்றிருந்தது. அதன் கீழே, முழு உடல் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் லிங்க். நாளைக்கும் குறையாவிட்டால் கூட்டிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தை மூடினாள்.

ஐந்தாம் நாள் சஜியின் கண் சிவந்திருந்தது. சிறுநீர் குறைந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலிப்பனி என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் காய்ச்சல். கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். ஷிபாவுக்கும் தெரியும். ஓடை அள்ளுகிறவர்களுக்கும் வயலில் நிற்கிறவர்களுக்கும் வருவது என்று வைத்திருந்தாள். காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் சஜி இறந்துபோனான். அவனுக்கு நாற்பத்தொன்று.

அடக்கம் பாறசாலையில். பதினாறு நாள் கழித்து ஷிபா வேலைக்குத் திரும்பினாள். ஆபீசில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு வாரத்தில் அதுவும் சாதாரணமாகிவிட்டது. அவள் அழவில்லை. அழுகை எங்கோ பக்கத்து அறையில் இருப்பதுபோலவும், அந்த அறைக்கு எழுந்து போகச் சோம்பலாக இருப்பதுபோலவும் இருந்தது. சாப்பிட்டாள். தூங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் உட்கார்ந்தாள்.

மார்ச் மாதத்தில் தளத்தை முழுதாகச் சோதிக்கும் வேலை வந்தது. மென்பொருள் எண்ணூறு பக்கத்தையும் நடந்து பார்த்து, எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கங்களைப் பட்டியல் போட்டது. நாற்பத்துமூன்று. ஷிபா ஒவ்வொன்றாகத் திறந்தாள். வைப்பதா, அழிப்பதா, வேறொன்றோடு சேர்ப்பதா என்று பக்கத்துக்கு அரை நிமிடத்தில் முடிவு செய்வது வழக்கம். பதினோராவது பக்கத்தின் தலைப்பு, வெள்ளநீரில் நடந்தபின் காய்ச்சலா?

மருத்துவர் ராமசுப்ரமணியன் எழுதியது. சுருக்கமான பக்கம். தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்றவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் தசையை அமுக்கினால் வலித்தால், கண் சிவந்தால், அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடம்பு நோவு என்று தள்ளிவிட வேண்டாம். தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இரண்டு தடவை படித்தாள். பிறகு, பழக்கத்தில், இந்தப் பக்கத்துக்கு முன்பு எங்கிருந்தாவது லிங்க் இருந்ததா என்று மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். இருந்தது. காய்ச்சல் பக்கத்திலிருந்து, மூன்றாவது பத்தியின் முடிவில். சஜிக்குக் காய்ச்சல் வருவதற்குப் பதினான்கு மாதம் முன்பு அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் முழு உடல் பரிசோதனைக்கான லிங்க் வைக்கப்பட்டிருக்கிறது. மாற்றியவர் என்ற இடத்தில் ஷிபா என்றிருந்தது.

அன்றைக்கு அறுபது மாற்றம் செய்திருந்தாள். இது முப்பத்தெட்டாவது. அந்த நாளைப் பற்றி அவளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அவள் கேன்டீனுக்குப் போய் ஊண் வாங்கிச் சாப்பிட்டாள். அவியலில் உப்பு குறைவு என்று எதிரில் இருந்தவள் சொன்னபோது ஆமாம் என்றாள். திரும்பி வந்து பன்னிரண்டாவது பக்கத்தைத் திறந்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அதில் கை வைத்தாள். காய்ச்சல் பக்கத்தில் மூன்றாவது பத்தியின் முடிவில் பழைய லிங்கைத் திரும்ப வைத்தாள். முன்பு மேலும் அறிய என்று மட்டும் எழுதியிருந்தது. அதை வெள்ளநீரில் நின்றபின் வரும் காய்ச்சல் என்று மாற்றினாள். லிங்கின் சொற்களே போகிற இடத்தைச் சொல்லவேண்டும் என்பது அவள் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தசைவலி, சிவந்த கண், மஞ்சள்காமாலை, சிறுநீரகம், மழைக்கால நோய்கள் என்று பதினெட்டுப் பக்கங்களிலிருந்து, அந்தந்த இடத்தில் படிக்கிறவனுக்குத் தேவைப்படுகிற வாக்கியத்தில், பொருத்தமாக லிங்க் கொடுத்தாள். பரிசோதனை லிங்கைப் பக்கத்தின் அடிக்கு இறக்கினாள்.

அவளுடைய மேலாள் விஜின், அவள் ஊர்ப்பக்கத்துக்காரன், ஐந்து வயது இளையவன். அடுத்த வாரம் அவள் மேசைக்கு வந்தான்.

"சேச்சி, செக்கப் பேக்கேஜ் லிங்க் கீழ போயிருக்கே. கிளையன்ட் கேப்பாங்க."

"கேக்கட்டு."

"என்ன சொல்லட்டு அவங்ககிட்ட?"

"காய்ச்சல் வந்தவன் முழு உடம்பு செக்கப்புக்குப் போறதில்லன்னு சொல்லு. அந்த லிங்க்ல யாரும் கேறதும் இல்ல. கணக்கப் பாரு."

விஜின் பார்த்தான். உண்மைதான். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான் அதைத் தொட்டிருந்தார்கள். அவன் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். சஜி எதனால் இறந்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

ஒதுங்கிக் கிடந்த மருத்துவப் பக்கத்தைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் எழுதிய மருத்துவர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். ஷிபா ஒரு சனிக்கிழமை காலை அவரைப் பார்க்கப் போனாள். கிழக்கேகோட்டையில் அக்கிரகாரத் தெரு வீடு. ராமசுப்ரமணியன் ஓய்வு பெற்று ஒரு வருடமாகியிருந்தது. அச்செடுத்த தாளைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"இப்ப எதுக்கு இத எடுத்தேள்? யாரும் படிக்கறதில்லேன்னு ஆஸ்பத்திரில எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாளே."

"படிக்க வழி இல்லாம இருந்துச்சு டாக்டர். வேற பக்கத்திலிருந்து இதுக்கு ஒரு லிங்க் இருந்துச்சு. அத எடுத்துட்டாங்க." பிறகு, "எடுத்தது நான்தான்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மற்றதையும் சொன்னாள். தண்ணீர் ஏறியது, ஒன்பது நாள், பாரசிட்டமால், மூன்றாம் நாள் தான் பார்த்த பக்கம். வேறு யாருடைய கேஸையோ சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னாள்.

"எத்தனாவது நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேள்?"

"அஞ்சு."

"யூரின் எப்ப கொறஞ்சுது?"

"நாலாம் நாள் ராத்திரியே கொறஞ்சிருக்கும். அவரு சொல்லல."

"மூணாம் நாள் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் தாளை மடித்தார். "சொல்ல முடியாதும்மா. சிலபேர் மூணாம் நாள் வந்தும் போயிருக்கா. ஏழாம் நாள் வந்து எழுந்து நடந்தவாளும் உண்டு. பொழச்சிருப்பார்னும் என்னால சொல்ல முடியாது. மாட்டார்னும் சொல்ல முடியாது."

"சரி டாக்டர்."

அவர் பேனாவை எடுத்து ஒரு வரியைச் சேர்த்தார். பாரசிட்டமாலில் காய்ச்சல் இறங்குவதை வைத்துச் சாதாரணக் காய்ச்சல் என்று முடிவு செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்தார்.

எலிசாளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எலிசாள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மிப் பக்கத்தில் நின்றபடி ஷிபா சொல்லிவிட்டாள். லிங்க் என்றால் என்ன என்று சொல்லவேண்டியிருந்தது. மற்றது எலிசாளுக்கு உடனே புரிந்தது.

"நீ எடுக்கச்சில ஒனக்குத் தெரியுமா, இப்பிடி ஆவும்னு?"

"இல்ல மாமி."

"பின்ன?"

எலிசாள் செதிலைச் சுரண்டி முடித்தாள். சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். அன்று சாப்பாடு போட்டாள், மறுநாளும் போட்டாள். ஆனால் மக்ளே என்று கூப்பிடுவது நின்றுபோனது. ஏதாவது வேண்டுமென்றால் பெயரும் இல்லாமல், உறவும் இல்லாமல், "கேக்குதா" என்று ஆரம்பித்தாள். ஷிபா அதில் குறை காணவில்லை. தனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஏப்ரலில் அந்தப் பக்கம் தேடலில் ஐந்தாவது திரையில் இருந்தது. மே கடைசியில் இரண்டாவது. ஜூனில் மழை பிடித்ததும் முதல் திரைக்கு வந்து, ஜூலையில் மூன்றாம் இடத்தில் நின்றது. ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு பேர் படித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று காட்டும் மென்பொருள் எதுவும் இல்லை. விஜின் அந்த வரைபடத்தைக் கூட்டத்தில் காட்டி நல்ல வேலை என்றான். நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஷிபா அடுத்த படத்துக்குப் போகச் சொன்னாள். தனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பரில் மருத்துவமனையிலிருந்து, பரிசோதனை லிங்கை மேலே வைக்கவேண்டும் என்று கடிதம் வந்தது. ஷிபா மேலே வைத்தாள். ஆனால் மற்றதை எடுக்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் இருந்தன. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்கே இரண்டையும் வைத்திருக்கலாம், இவ்வளவு எளிதாக முடிகிற காரியம் அது என்ற நினைப்பைத்தான் அவளால் நெடுநேரம் தள்ள முடியவில்லை. அன்று ஒரு மணிநேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சம் நாற்பத்திரண்டு பக்கங்களையும் இப்போது முழுதாகப் படித்துத்தான் முடிவு செய்கிறாள். பாம்புக்கடி, பட்டாசுத் தீப்புண், கைக்குழந்தைக்கு மூச்சுமுட்டல். வேலை மெதுவாகப் போகிறது. விஜின் ஒன்றும் கேட்பதில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ரேஷன் கார்டில் சஜியின் பெயரை நீக்கவேண்டும் என்று எலிசாள் சொன்னாள். கார்டு எலிசாளின் பெயரில் இருந்தது. இரண்டு பேரும் அரசாங்க விண்ணப்பங்களைப் போட்டுத் தருகிற அக்ஷயா சென்டருக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். முறை வந்ததும் எலிசாள்தான் மரணச் சான்றிதழை நீட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் அடித்துக்கொண்டே, ஓடிபி வருவதற்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்றாள். ஷிபா பையில் போனைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

எலிசாளிடம் போன் கிடையாது. படிக்கவும் அவ்வளவாகத் தெரியாது. அவள் கவுண்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு ஷிபாவின் நம்பரைப் பத்து இலக்கமும் நிறுத்தி நிறுத்தி, தப்பில்லாமல் சொன்னாள்.