சாதாழைக்குள் நின்ற பெண்

யூரியா வராத அந்த வருடம், வெங்காயத்துக்குப் பசளையாகச் சாதாழை அள்ள இணுவிலிலிருந்து வண்டில் கட்டிக்கொண்டு பரவைக்கடலுக்குப் போனேன். கரையில் ஒதுங்கிக் கிடந்தது ஒரு கூடைக்கும் காணாது. ஆழமில்லாத தண்ணீருக்குள்ளோ அந்தக் கடற்புல் பச்சையாக வளர்ந்து நின்றது. இறங்கிப் பிடுங்கத் தொடங்கினேன்.

இறால் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்தபடி, கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். வெயிலில் கறுத்த மெல்லிய உடம்பு. அகப்பட்ட குஞ்சு இறாலைப் புல்லுக்குள்ளேயே விட்டுவிட்டு, பறியைக் கையில் எடுத்து, வெங்காயச் சருகு ஒட்டிக்கிடந்த என் வண்டிலைப் பார்த்தார்.

“அண்ணை, உங்கடை வெங்காயத்தை நான் வந்து பிடுங்கினனானோ?”

“இது ஆரும் நட்டதே, பிள்ளை?”

“நட்டவர் மேலை இருக்கிறார். இறால் குஞ்சு வளருறது உதுக்குள்ளைதான். உது போனால் என்ரை அடுப்பும் போச்சு. காத்து மாறட்டும், கடல் தானாக் கொண்டுவந்து போடும்.”

வெறும் வண்டிலோடு திரும்பினேன். காற்று மாறியபின் போனபோது, ஒதுங்கிய சாதாழையை எனக்கென்று கரையில் குவித்து வைத்திருந்தார்.

கந்தசுவாமி கோயிலில் அவருக்காக ஒரு அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் அவருடைய பெயரைக் கேட்டபோதுதான், நான் அதைக் கேட்கவேயில்லை என்பது உறைத்தது.

“கடலுக்கை நிக்கிறவ எண்டு சொல்லுங்கோ, ஐயா. முருகனுக்குத் தெரியும்” என்றேன்.