அப்பாக்களின் உயரம்

ஹாமனோ ஃபுமியேயின் உயரம் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். யாய்சு துறைமுகத்தின் நாமிகாசே கால்பந்துக் கழகம் நடத்தும் இளையோர் பயிற்சிப் பள்ளியில், மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை எழுபத்திரண்டு பையன்களின் உயரத்தை அளப்பது அவருடைய வேலை. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. அவரும் சிரிப்பார்.

"டீச்சர், ஸ்டூல் ஏறாம என் உச்சந்தலையைப் பாருங்க பாப்போம்!"

"அதுல பாக்க என்னடா இருக்கு? நேரா நில்லு. குதிகால் ஒட்டணும்."

முப்பத்தோரு வருடம் நடுநிலைப் பள்ளியொன்றில் காய்ச்சல், வயிற்றுவலி, பரீட்சை பயம் மூன்றையும் ஒரே தெர்மாமீட்டரால் பிரித்தறிந்த நர்ஸ் டீச்சர் அவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கழகம் கூப்பிட்டது. வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் பயிற்சி முடிந்த அரைமணிக்குள் ஒவ்வொருவனும் சோற்றுருண்டை இரண்டு தின்றாக வேண்டும் என்று சட்டம் போட்டவரும், தின்னாமல் பைக்குள் ஒளித்தவனைப் பிடிப்பவரும் அவர்தான். பந்தாட்டக்காரனை வளர்ப்பது என்பதில் முக்கால்வாசி வளர்ப்பதுதான் என்பது அவர் கட்சி. ஆட்டமெல்லாம் மிச்சக் கால்வாசி.

பையன்கள் விவரமானவர்கள். மனிதன் காலையில் உயரம், சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் குட்டை என்பது அவர்களுக்குத் தெரியும். அளக்கிற நாளில் உடைமாற்றும் அறைத் தரையில் ஏலத்துக்கு வந்த சூரை மீன்கள் மாதிரி வரிசையாக மல்லாந்து கிடந்துவிட்டு, நேராக எழுந்து வருவார்கள்.

அப்பாக்கள் அவர்களைவிட விவரம். பள்ளியில் சேரும் படிவத்தில் அப்பா உயரம், அம்மா உயரம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டையும் கூட்டி, பதின்மூன்று சேர்த்து, பாதியாக்கினால் பையன் எதுவரை வளர்வான் என்று ஏறக்குறையச் சொல்லலாம். அம்மாக்கள் உள்ளதை எழுதினார்கள். அப்பாக்கள் எழுதியதில் ஃபுமியே யாரிடமும் சொல்லாமல் இரண்டு சென்டிமீட்டர் கழித்துக்கொள்வார். ஓர் அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி அளப்பது மரியாதையல்ல. மரியாதை கெடாமல் கழித்துக்கொள்ளத்தான் முடியும்.

அப்படிக் கழிக்காமல் விட்டது ஒரே ஒருவருக்கு. மீன் குளிர்கிடங்கில் வேலை செய்யும் மகாபே ஷிகேரு நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்தார். மகனைச் சேர்க்க வந்த அன்று வாசலில் குனிந்து நுழைந்ததை ஃபுமியே பார்த்திருந்தார். கண்ணே போதும் என்று விட்டுவிட்டார்.

மகன் மகாபே தோயா கோல்கீப்பர். வயது பதினைந்து. அந்தச் செப்டம்பரில், அவன் வயதுப் பையன்களில் யார் யார் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஏறுவது என்று முடிவாக வேண்டும். ஏறியவனுக்குத் தொழில்முறை ஆட்டத்தின் கதவு திறக்கலாம். ஏறாதவன் நல்ல அணியுள்ள உயர்நிலைப் பள்ளியை உடனே தேட வேண்டும், ஏனென்றால் அங்கே இடங்கள் இலையுதிர்காலம் முடிவதற்குள் போய்விடும். கோல்கீப்பருக்கு ஒரே இடம். நிஷிவாகி என்பவன் ஏற்கெனவே நூற்றெண்பத்து மூன்று, கை மட்டும் கொஞ்சம் தூக்கம். தோயா நூற்று எழுபத்திரண்டு, அவன் கை தூங்கி யாரும் பார்த்ததில்லை.

"கணக்குப்படி மகாபே நூத்தி எண்பத்தஞ்சு வருவான். கையும் இருக்கு, வளர்த்தியும் வரப்போகுது. வேற என்ன வேணும்?" என்றார் தலைமைப் பயிற்சியாளர் குராமோச்சி.

ஃபுமியேயின் நோட்டு வேறு சொன்னது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நான்கு மில்லிமீட்டர். கடைசி மாதம் ஒன்றுமே இல்லை. தோயாவுக்கு மீசை அரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, படிவத்தில் எழுதிய உயரங்கள் சரிதானா என்று மட்டும் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். மறுநாள் மதியம், கிடங்கு ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஷிகேருவே வந்து நின்றார்.

"அளந்துக்குங்க டீச்சர். தொண்ணூத்தொண்ணு இருக்கும். பொய் எழுதலை."

"நீங்க பொய் சொன்னதா நான் சொல்லலையே."

அவர் உட்கார்ந்தார். பையன்களுக்கான நாற்காலி. முழங்கால் மார்புவரை வந்தது.

"அவனைப் பெத்தவர் நான் இல்லை. அவர் என் கூட்டாளி. சூரைக் கப்பல்ல போனவர், கப்பலே திரும்பலை. அவனுக்கு அப்ப ஒண்ணரை வயசு. இதெல்லாம் அவனுக்குத் தெரியாது."

"அவர் உயரம்?"

"நூத்தி அறுபத்தேழு."

ஃபுமியே மனக்கணக்காகவே போட்டுவிட்டார். நூற்று எழுபத்து மூன்று. பையன் வளர வேண்டியதை ஏறக்குறைய வளர்ந்து முடித்துவிட்டான்.

"யாராவது 'அப்பா மாதிரியே வளருவான்'னு சொன்னா நானும் தலையாட்டுவேன் டீச்சர். ஆட்டி ஆட்டி நானே நம்பிட்டேன். என்கிட்டேருந்து அவனுக்குப் போறதுக்கு இந்த உயரத்தை விட்டா வேற என்ன இருக்கு? அந்த நம்பரை அப்படியே விட்டுடுங்க. அவன் மேல போகட்டும்."

"போவான். மூணு வருஷம் கழிச்சு, குட்டையா இருக்கேன்னு அனுப்பிடுவாங்க. அப்ப பள்ளிக்கூடமும் இருக்காது. அன்னைக்கு என்ன சொல்லுவீங்க?"

ஷிகேரு நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று கும்பிடாத குறையாகத் தலை தாழ்த்திவிட்டுப் போனார்.

அந்தப் படிவத்தில் பொய் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் உயரம் என்று கேட்டார்கள், அப்பாவின் உயரத்தைத்தான் எழுதியிருந்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு நேர்மையான தப்பை ஃபுமியே பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை நடந்த பயிற்சியாளர்கள் கூட்டத்தில் அவர் எழுந்தார். "மகாபே பேருக்கு நேரா இருக்கிற நூத்தி எண்பத்தஞ்சை அடிச்சிருங்க. அப்பாவை நான் அளக்காமலே எழுதிட்டேன். தப்பு என்னுது."

"அந்த ஆளை அளக்க வேற செய்யணுமா?" குராமோச்சி சிரித்தார். "நின்னா கொடிக்கம்பம், டீச்சரம்மா!"

"கொடிக்கம்பத்தை விட்டுட்டுப் பையனைப் பாருங்க. அஞ்சு மாசத்துல நாலு மில்லிமீட்டர். மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுங்க."

எடுத்தார்கள். எலும்பின் வளரும் முனைகள் மூடியிருந்தன. குராமோச்சி சிரிப்பதை நிறுத்தினார். மூன்று நாள் ஃபுமியேயிடம் பேசுவதையும் நிறுத்தினார். இனிமேல் பெற்றோரை நேரில் நிறுத்தி அளக்க வேண்டும் என்று புது விதி வந்தது. தப்புச் செய்தவர் என்பதால் அந்த வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

முடிவைப் பெற்றோர் முன்னிலையில் பையனிடம் நேராகச் சொல்வது கழகத்தின் வழக்கம். தோயா அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தான். குராமோச்சி சுற்றி வளைக்கவில்லை. கையில் குறையில்லை, வளர்ச்சி நின்றுவிட்டது, மேலே எடுக்க முடியவில்லை. தோயா மூன்று முறை தலையசைத்தான்.

"ஒண்ணு கேக்கலாமா? அப்பா இவ்வளவு உயரம். எனக்கு மட்டும் ஏன் நின்னுபோச்சு?"

குராமோச்சி ஃபுமியேயைப் பார்த்தார். அம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். ஃபுமியே பதிலோடுதான் வந்திருந்தார். தாய்வழித் தாத்தா, எலும்பின் அவசரம், கேட்டால் நம்பும்படி இருக்கும். வாயைத் திறந்தார்.

"வேணாம் டீச்சர்," என்றார் ஷிகேரு. "நான் சொல்றேன்."

கிடங்கில் மூட்டை இறக்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். கூட்டாளி. கப்பல். ஒண்ணரை வயசு. குராமோச்சி எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார்.

தோயா அப்பா பக்கம் திரும்பினான். அழவில்லை.

"அவரு கோல்கீப்பரா?"

"சேச்சே. பந்து வந்தா ஒதுங்கி நிப்பான்."

"அப்ப எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான். வேற யாரு? கிடங்கு வாசல்ல, ஐஸ் துண்டை வீசி வீசி. உங்கம்மா திட்டிக்கிட்டே இருப்பா."

"விரல் வெறைச்சுப்போய் வருவான்," என்றாள் அம்மா. அன்று அவள் பேசியது அது மட்டும்தான்.

தோயா தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு குராமோச்சி பக்கம் திரும்பினான்.

"கோச், உயரம் பாக்காம கோல்கீப்பர் எடுக்கிற பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கா?"

"மலைப் பக்கம் ஒண்ணு இருக்கு. அங்கே கோச் எனக்குத் தெரிஞ்சவர்தான்," என்றபடி குராமோச்சி போனை எடுத்தார். "கொஞ்சம் கோவக்காரர்."

"பரவால்ல," என்றான் தோயா.