சொட்டுக்காரரும் இரண்டு தொட்டிகளும்

விரட்டிவிட்டார்களாம்! யார் பார்த்தது? தெருமுனை இஸ்திரிக்காரர் பார்த்தாராம். குனிந்து பெட்டிக்குக் கரி போட்டு நிமிர்வதற்குள் ஒரு கதையைத் தேய்த்து மடித்து வைத்துவிடுகிற ஆள் அவர். சொட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செடியைப் பையில் போட்டுத் திருடிக்கொண்டு போனார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. பையில் செடி இருந்தது உண்மை. மற்றது அத்தனையும் பொய். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

முப்பத்தொரு வருஷம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டவருக்குச் சொட்டுக்காரர் என்ற பேரே நிலைத்துவிட்டது. முதலில் தரை துடைக்கத்தான் வந்தார். விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த வாளியை மாடிப்படியில் ஒரு துளி சிந்தாமல் அவர் தூக்கிப் போவதைப் பார்த்த அந்தக் காலத்து டாக்டர், "இது துடைப்பம் பிடிக்கற கை இல்லப்பா" என்று மருந்துக் குப்பியைக் கொடுத்தார். சொட்டுக்காரருக்கு எழுத்துத் தெரியாது. சிவப்பு மூடி போட்டது கண்மணியை விரிக்கிற மருந்து, அது தெரியும். ஒரு நாளும் குப்பி மாறியதில்லை. பிள்ளைகள் கண்ணை இறுக்கிக்கொண்டால், "மேல பாரு, உத்தரத்துல பல்லி முட்டை போடுது!" என்பார். பிள்ளை அண்ணாந்து பார்க்கும்; சொட்டு விழுந்துவிடும். அந்தக் கட்டடத்தில் உத்தரமே கிடையாது என்பது வேறு விஷயம். சில கண்கள் கால் மணியில் விரியும், சிலது ஒரு மணி ஆனாலும் விரியாது. அதற்காக ஒரு சொட்டு கூடுதலாக விடமாட்டார். "இந்தக் கண்ணுக்கு அவசரம் பிடிக்காது. கொஞ்சம் உக்காருங்க" என்பார்.

பழைய டாக்டர் போன பிறகு ஆஸ்பத்திரி இரண்டு மகன்கள் கைக்கு வந்தது. கூடவே ஆளுக்கொரு தொட்டியோடு இரண்டு மருமகள்களும் வந்தார்கள். இளைய மருமகள் கொண்டுவந்தது பெரணி. மூத்தவர் கொண்டுவந்தது பாலைவன ரோஜா. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை சொட்டுக்காரர் தலையில் விழுந்தது.

பெரணி இருக்கிறதே, அது செல்லப்பிள்ளை. வெயில் ஆகாது, ஜன்னலோரத்து நிழல் வேண்டும். தினம் ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும். ஒரு நாள் மறந்தால் போதும், இலை ஓரம் அப்பளமாகிவிடும். பூக்கவே பூக்காது. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி வரிசையாக வந்ததைப் பார்த்து, பூச்சி என்று இளையவர் மருந்தடிக்கக் கிளம்பினார். "பூச்சி இல்லம்மா, அதோட விதை மாதிரி. விட்டுடுங்க" என்று தடுத்தவர் சொட்டுக்காரர்தான்.

பாலைவன ரோஜா நேர் எதிர். வாசல்படியில் கொளுத்துகிற வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும். யானைக்கால் மாதிரி வீங்கிய அடித்தண்டில் தனக்கு வேண்டிய தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண் காய்ந்து இரண்டு நாள் போகட்டும், அப்புறம் ஊற்று என்கிற ரகம். குளிர் மாதம் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அப்போது தண்ணீர் காட்டாமல் இருப்பதே அதற்குச் செய்கிற உபகாரம்.

மூத்தவருக்கு இது ஏறவில்லை.

"அவ செடிக்கு தெனம் ஒரு சொம்பு. என் செடி மொட்டையா நிக்குது. அவ உங்களுக்கு என்ன குடுக்கறா?"

"அவங்க என்னம்மா குடுக்கப்போறாங்க. உங்க செடி தூங்குது. தூங்கறவங்க வாயில யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று மூத்தவர் போய்விட்டார்.

அந்தக் குளிரில்தான் மகள் பிரசவத்துக்காகச் சொட்டுக்காரர் பன்னிரண்டு நாள் லீவு போட்டார். அவர் தலை மறைந்ததும், சீட்டு எழுதும் அம்மாளைக் கூப்பிட்டு மூத்தவர் உத்தரவு போட்டார்: "ரெண்டுக்கும் தெனம் ஒரே அளவு. ஓரவஞ்சனை கூடாது." அந்த அம்மாளும் ஒரு நாள் தவறாமல் ஊற்றினார்.

பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பியவர், வழக்கம்போல ரோஜாவின் அடித்தண்டை விரலால் அழுத்தினார். கனிந்த பழம்போல விரல் உள்ளே போனது. அழுகல் வாடை. அன்றே வெட்டாவிட்டால் செடி பிழைக்காது. மூத்தவரோ ஊரில் இல்லை. வெட்டினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரித்துத் தள்ளிவிடும். விரிந்த கண்ணோடு இருபது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்திலா கத்தியை எடுப்பது? சீட்டு எழுதும் அம்மாளிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் செடியைப் பிடுங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். இஸ்திரிக்காரர் பார்த்தது அதைத்தான்.

வீட்டு மொட்டைமாடியில் அழுகலை வெட்டி வெட்டி, வெள்ளைச் சதை தெரிந்த பிறகே நிறுத்தினார். சமையலறை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டிக் காயவிட்டார். மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, சின்ன வீட்டை இப்படிப் பெரிய வீட்டுக்குள்ளயே தொங்க விடுவீங்களா?"

"உன்னைவிட அடக்கமாத்தான் இருக்கு, பாரு. வாயே திறக்கல."

"முதல்ல கையைக் கழுவுங்க. நாளைக்கு ஊரான் கண்ணுல வைக்கற கை."

மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மூன்றாம் நாள் மூத்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடம் நிறைய ஆள்.

"என் செடி எங்க?"

"அழுகிடுச்சும்மா. வெட்டி வீட்டுல காய வெச்சிருக்கேன். பிழைச்சுடும்."

"என் செடி உங்க வீட்டுல எதுக்கு? கேக்காம எடுத்துட்டுப் போனா அதுக்குப் பேர் என்ன? திருட்டு!"

சொட்டுக்காரர் சீட்டு எழுதும் அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் நோட்டைப் பார்த்தார். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொட்டுக்காரர் தப்பித்திருப்பார். அந்த அம்மாளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. குப்பியோடு அடுத்தவரிடம் குனிந்தார். அந்த வயசான அம்மா கண்ணைத் திறந்து காட்டினார். மடியிலிருந்த கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சொட்டு சரியாகத்தான் விழுந்தது.

காயம் நன்றாக ஆறியதும் மணலும் செங்கல் துண்டும் கலந்து செடியை நட்டார். வெயில் திரும்பி, இரண்டு துளிர் விட்டபின் தொட்டியைத் தூக்கிவந்து அதே வாசல்படியில் வைத்தார். மூத்தவரின் கணவரான பெரிய டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். மூத்தவரும் இருந்தார்.

"இவங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

"கேக்காம எடுத்ததுக்கு வருத்தம்தான் டாக்டர், இப்பவே சொல்லிடறேன். திருடன்னு சொன்னது கூடத்துல, அத்தனை பேர் முன்னால. அதை அங்கயே வந்து அம்மா வாபஸ் வாங்கட்டும்."

கதவருகே நின்ற சீட்டு எழுதும் அம்மாளுக்கு அப்போதுதான் குரல் எழும்பியது. "டாக்டர், தெனம் தண்ணி ஊத்தினது நான்தான். அம்மா சொல்லித்தான். செடியை எடுத்துட்டுப் போறேன்னு அண்ணன் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்."

டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். மூத்தவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி சரி. இதோட விடுங்க. போய் வேலையப் பாருங்க."

"பாக்கறேன் டாக்டர். ஆறு பேருக்கு ரெண்டாம் சொட்டு பாக்கி இருக்கு."

அந்த ஆறு பேருக்கும் விட்டு முடித்தார். சிவப்பு மூடியைத் திருகி, குப்பியை அலமாரியில் வைத்து, சாவியை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, என்னால தானே..." என்று சீட்டு எழுதும் அம்மாள் அழுதார்.

"அழுகையெல்லாம் அப்புறம். இதக் கேட்டுக்கங்க. பெரணிக்கு மண்ணு காயவே விடாதீங்க. ரோஜாவுக்குக் காயாம ஊத்தாதீங்க. யார் வந்து எந்தக் கணக்குச் சொன்னாலும் மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு ஊத்துங்க."

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். வேலையாட்கள் போகிற பின்பக்கம் போகவில்லை. கூடத்தின் நடுவே, அத்தனை பேரும் பார்க்க, நிமிர்ந்து நடந்து முன்வாசல் வழியாகப் படியிறங்கினார்.