அமெரிக்காவுக்கு ஒரு நியாயம், எங்க அண்ணன் காலுக்கு ஒரு நியாயம்

கந்தகக் கப்பல் வந்தால் தூத்துக்குடி துறைமுகத்தில் டீயிலும் கந்தக வாடைதான். கண் எரியும், தொண்டை கமறும். நான் டைப்பிஸ்டாக இருந்த ஷிப்பிங் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே டீக்கடை. அங்கே பேசுவதெல்லாம் ஜன்னல் வழியாக என் காதுக்கு வந்துவிடும்...

கடையில் இரண்டு பெஞ்சு. இரண்டு கட்சி, இரண்டு பேப்பர். இந்த பெஞ்சுக்காரன் அந்தப் பேப்பரைத் தொடமாட்டான். ஒருத்தர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் கட்சி பெஞ்சுக்கு வாசிப்பது என் அண்ணன் சுடலைமுத்து. ஏரல் பக்கம் வயல் வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் மூட்டை இறக்க வந்தவன். கணீரென்ற குரல்.

1974 ஆகஸ்ட். அமெரிக்க ஜனாதிபதி ராஜினாமா! தன் ஆட்கள் செய்த திருட்டு வேலையை அவர் மூடி மறைக்கப் பார்த்தது டேப்பில் பதிவாகியிருந்தது. பத்திரிகைக்காரர்களும் விடாமல் தோண்டியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரே குஷி.

"ஏலே, கேட்டியளா! எதிர்க்கட்சிக்காரன் சொன்னா போவானா? சொந்தக் கட்சிக்காரனே நேரா போயி, இனி ஒன்னைத் தாங்க முடியாதுன்னு சொல்லிட்டான்லே. அதுல்லா ஆம்பளத்தனம்!"

அன்றைக்கு ஒருநாள்தான் இரண்டு பெஞ்சும் சேர்ந்து தலையாட்டின.

அடுத்த வாரம் உர மூட்டை தூக்கிய கயிறு அறுந்தது. நைந்துபோன கயிறு. மாற்றச் சொல்லி வேலையாட்கள் முன்பே கேட்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டைகள் அண்ணன் மேல் விழுந்தன. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்...

அந்த கான்ட்ராக்டர் எங்கள் கட்சியில் பெரிய புள்ளி.

எங்கள் பேப்பரின் நிருபரிடம் ஓடினேன்.

"தங்கச்சி, பேப்பர் பூரா அமெரிக்கா சமாச்சாரம். எடமில்லம்மா."

"அமெரிக்காக்காரன் பொய்ய எழுத எடமிருக்கு. இங்கன போன காலுக்கு எடமில்லையா அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு நம்ம ஆளுல்லா..." என்றார்.

எதிர் பெஞ்சுப் பேப்பரின் நிருபர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவருக்கு அண்ணன் காலைப் பற்றிக் கவலையில்லை, எங்கள் கட்சியை அடிக்க ஒரு கல் வேண்டும். இருந்தாலும் பரவாயில்லை, சொல்லு என்று அண்ணனைக் கெஞ்சினேன்.

"ஏளா, சும்மா கெட. நம்ம ஆள நாமளே காட்டிக் குடுக்கவா? அவனுவ சிரிப்பானுவ."

"சொந்தக் கட்சிக்காரன் சொன்னா ஆம்பளத்தனம்னு நீதான சொன்ன?"

"அது அமெரிக்கா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், கயிறு நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கவனிக்காமல் நின்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கால் போன மனுஷனையே பொய் சொல்ல வைத்த கட்சி என்ன கட்சி? நான் அவனோடு பல மாதம் பேசவில்லை.

இப்போது என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். "இங்கயும் அவங்கவங்க சேனல்ல அவங்கவங்க ஆளு உத்தமர்தாம்மா" என்கிறாள். அந்தக் காலத்தில் அந்த ஊரைப் பார்த்துப் பொறாமைப்படவாவது முடிந்தது... இப்போது அதுவும் போச்சு.

போன வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தான். கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் உடம்பில் போர்த்துவதற்குக் கட்சிக் கொடியோடு முன்னால் வந்தவன் அந்த கான்ட்ராக்டரின் மகன். இன்றைக்கு அவனும் பெரிய புள்ளி. பின்னால் நான்கைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் குறுக்கே நின்றேன்.

"கொடிய அப்புறம் போர்த்தலாம் தம்பி. ஒங்கப்பா செஞ்சது தப்புன்னு இவன் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். செல்போன்களைத் திரும்பிப் பார்த்தான்.

கொடியை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.