மடித்துக் கட்டிய சேலை

பெரம்பலூர் பூங்காவில் இலவசமாக நாடகம் போடுகிறார்கள் என்றால், கோடையில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? வீட்டில் மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிடுகிறது. புல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் கொஞ்சமாவது காற்று வரும். எனக்கோ அன்று எந்தக் காற்றும் உறைக்கவில்லை. என் சேலையைக் கட்டிக்கொண்டு என் கணவர் நடிக்கப்போகிறார்.

அவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். லீவு நாளில் நண்பர்களோடு நாடகம். இந்த நாடகம் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. நடிக்க வேண்டிய பெண் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். இவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வேஷத்தை ஒப்புக்கொண்டு, மீசையையும் மழித்துவிட்டு வந்து நின்றார்.

ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. நான் கொசுவம் வைத்துக் கட்டிவிடுவேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடப்பார். வசனத்தில் கோபம் வந்ததோ இல்லையோ, சேலையை முழங்காலுக்குத் தூக்கிக் கைலி மாதிரி மடித்துக் கட்டிவிடுவார்.

"கைய எடுங்க! நான் என்னைக்காவது இப்படிக் கட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று கையிலேயே ஒன்று போடுவேன்.

"பழக்கதோஷம், என்னா பண்றது?" என்பார்.

இதில் வேப்பந்தட்டையிலிருந்து என் தம்பி வேறு கிளம்பி வந்துவிட்டான். 'போயும் போயும் லாரி டிரைவரா?' என்று என் கல்யாணத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன். என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தான்.

"மாமா சேலை கட்டுற அழக நம்ம சொந்தக்காரங்க பாக்க வேணாமாக்கா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் ஒரு இடத்தில் சொதப்பினால் போதும், பிறந்த வீட்டில் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேடை ஏதுமில்லை. சறுக்குமரத்துக்கு முன்னாலேயே நாடகம். இவர் குடத்தோடு வந்ததும் விசில் பறந்தது. நாலு வசனம் பேசியதும் விசில் அடங்கிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

லாரிக்காரராக நடித்தவர், "தண்ணி தீந்துபோச்சு, போம்மா" என்று கிளம்பினார். இவர் பாய்ந்துபோய் வழியை மறித்தார். கை மெல்லச் சேலை விளிம்புக்குப் போனது. வேண்டாம், வேண்டாம் என்று முணுமுணுத்தேன். மடித்துக் கட்டியேவிட்டார்.

ரோமம் அடர்ந்த காலைப் பார்த்ததும் பூங்காவே வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விட என் தம்பி அதிகமாகச் சிரித்தான். இவர் குனிந்து தன் காலைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு குடத்தை நங்கென்று கீழே வைத்தார்.

"என்னா சிரிப்பு? எம் புருஷன் வந்திருந்தா அவரு மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கேட்டிருப்பாரு. தண்ணி புடிக்க எந்த வூட்டு ஆம்பள வந்து நிக்கிறான்? அதான் நானே கட்டிட்டேன்!"

ஆண்கள் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. பெண்கள் பக்கம் கிளம்பிய கைதட்டல் ஓயவே இல்லை. முன்னால் இருந்த ஒரு பெண் மடியிலிருந்த பிள்ளையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டினாள். ஒரு வாரம் கேட்ட நாடகத்தில் அந்த வசனம் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவராகச் சொன்னது. எங்கள் வீட்டிலும் குடம் தூக்குவது நான்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! கர்வத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாருங்க இவரு?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க மாமாங்க" என்று தம்பி முந்திக்கொண்டான்.

நாடகம் முடிந்து, வியர்வை வழிய, திட்டு விழும் என்ற பயத்தோடு என்னிடம் வந்தார். "பழக்கதோஷம்..." என்று இழுத்தபடியே மடித்துக் கட்டியதை அவிழ்க்கப் போனார்.

"அவுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

பைக்கில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, கடைத்தெரு வழியாகவே ஓட்டச் சொன்னேன்.