வயலின் டீச்சரின் இடது காது

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் தங்கை போன் எடுப்பாள். உள்ளறையில் அக்கா வயலின் கற்றுக்கொடுப்பாள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வகுப்பு. பிள்ளைகளோடு உட்கார்ந்து தப்புத்தப்பாக வாசிக்கக் கூச்சப்படும் பெரியவர்களுக்கென்றே தொடங்கிய பள்ளி. பல் டாக்டரம்மா வருவார், பஸ் டிரைவர் வருவார், பேரன் பேத்தி எடுத்த தையல்காரர் வருவார்.

ஒருநாள் கடைவீதியிலிருந்து தங்கை போன் செய்தாள். இடது காதில் கேட்ட குரல் யாரோ அன்னியருடையது போல் இறங்கிக் கரகரத்தது. வலது காதுக்கு மாற்றியதும் தங்கை தங்கையாகப் பேசினாள். ஜலதோஷம் என்று நினைத்தாள் அக்கா. காது டாக்டரோ, நரம்பில் பழுது, இனிச் சரியாகாது, மற்ற காதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டாகக் கேட்டது. எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை. முடியை இழுத்துவிட்டு இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். வகுப்பில் கேட்பதைவிட விரல்களைப் பார்ப்பதே அதிகமாயிற்று.

பல் டாக்டரம்மா வாசித்தபோது ஒரு தந்தி தளர்ந்திருந்தது. விரல்கள் சரியான இடத்தில்தான் இருந்தன.

"நல்லா இருக்கு, மேல போங்க" என்றாள் டீச்சர்.

டாக்டரம்மா வில்லை இறக்கினார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமலே மறுபடி வாசித்து முடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தன் காது பழுதானதைக் கண்டுபிடித்து ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார் என்று டீச்சர் பயந்தாள். போன் மணி அடித்தாலே உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் தங்கையிடம் உடைந்து அழுதாள்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா நீ திரும்பறதே இல்ல. எம்மேல ஏதோ கோவம்னு இருந்தேன்க்கா" என்றாள் தங்கை. பிறகு போனை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "டாக்டரம்மாவுக்கு நீயே சொல்லிடு."

சொன்னாள்.

"எனக்கே தப்பாத்தான் கேட்டுச்சு, டீச்சர்" என்றார் டாக்டரம்மா. "பாவம், இவளுக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்டு மனசு நோகாம சொல்றீங்கன்னு நினைச்சேன். வயலினைப் பரண்ல போட்டுட்டேன்."

அவமானத்தைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகச் சொன்னாள். பஸ் டிரைவர் மரியாதையாக விடைபெற்றார். இன்னும் இரண்டு பேர் சொல்லாமலே வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். தையல்காரர் மட்டும், "நான் வாசிக்கிறதை ரெண்டு காதாலயும் கேட்டா நீங்க தாங்க மாட்டீங்க" என்றார். பல நாள் கழித்து அவள் சிரித்தாள்.

டாக்டரம்மா வயலினைத் தூசி தட்டி எடுத்து வந்தார். இப்போது வகுப்பு தொடங்கும்முன் சுருதி காட்டும் சின்ன மெஷினை நடுவில் வைத்து, இருவரும் முள்ளைப் பார்த்தே தந்திகளை முறுக்குகிறார்கள்.

பயம் போய்விடவில்லை. காலையில் எழுந்ததும் வலது காதருகே ஒரு தந்தியை மீட்டிப் பார்ப்பாள். அதுவரை தங்கையும் வாய் திறப்பதில்லை.