இரவல் கதிரைகள்

அரசாங்கம் மாதாமாதம் தந்த சமுர்த்திப் பணம் போய் அஸ்வெசும வருகிறது என்றார்கள். இந்தப் புதிய உதவிக்கு வீடு வீடாக வந்து கேள்வி கேட்டு, பிறகுதான் யாருக்கு என்று முடிவு செய்வார்களாம். என்னதான் கேட்பார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல். கரண்ட் பில்லைக்கூடப் பார்ப்பார்களாம்.

"அடுப்புல என்ன வேகுதுன்னும் பார்ப்பாங்களோ?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வெந்தா பார்க்கட்டும்" என்றார், கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்த மனுஷன். சமுர்த்தியை நம்பித்தான் அவர் மாத்தளை கிளினிக்குக்குப் போய்வந்தார். புதியது கிடைக்காவிட்டால் கிளினிக்கும் இல்லை, மருந்தும் இல்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வழக்கம். தோட்டத்துத் துரை வந்தாலும் சரி, பெண் பார்க்க வந்தாலும் சரி, முதல் நாளே இரவல் வாங்கி வீட்டை நிரப்பிவிடுவோம். வந்தவரை நிற்க வைத்தால் மானம் போய்விடும். அதே பழக்கத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவிடம் போனேன். புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். நான்கு பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "டி.வி.யையும் கொண்டு போடி, ஒன் வீடு மொட்டையா கெடக்கு" என்றாள்.

மறுநாள் கணக்கெடுக்க வந்த மிஸ் கதிரையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

"டி.வி. உங்களுதா அக்கா?"

"ஆமாங்க மிஸ்."

"கதிரையெல்லாம்?"

"எல்லாம் நம்மளுதுதாங்க."

உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். எதற்கு இருமுகிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் இது இரவல் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் மிஸ் பக்கத்துக் காம்பராவுக்குப் போனார். அங்கே ஒரு பாயும் தண்ணீர்க் குடமும்தான் இருந்தன.

பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எந்தக் கேள்வியில் விழுந்தேன், டி.வி.யிலா, கரண்ட் பில்லிலா? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதம் கிளினிக் தவறியது.

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். மறுபடி வந்து பார்ப்போம் என்றார்கள். பொருளெல்லாம் அக்காவுடையது என்று சொல்லி, அவள் பெயரை வெட்டிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்தேன்.

அதே மிஸ்தான் வந்தார். வீட்டில் ஒரு கதிரைகூட இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்ததில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"டி.வி. எங்க அக்கா?"

"அது டவுன்ல வாடகைக்கு எடுத்ததுங்க மிஸ்."

லயத்துச் சுவர் கூரைவரை எட்டாது. சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

"அவ பொய் சொல்றா மிஸ்! டி.வி.யும் கதிரையும் நம்மளுது. பேரை வெட்டுறதுன்னா வெட்டுங்க, அந்த மனுஷனுக்கு மருந்து வேணும்!"

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப அன்னைக்கு ஏன் சொல்லல?" என்றார் மிஸ், சுவரைப் பார்த்து.

"வீட்டுல டி.வி. இருக்கான்னு கேட்டீங்க. அன்னைக்கு இல்லியே!"

மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா ஒரு கதிரையோடு வாசலில் வந்து நின்றாள். "உக்காந்து எழுதுங்க மிஸ். இது என்னுது" என்றாள்.

அடுத்த பட்டியலில் என் பெயர் வந்தது. அக்காவின் பெயரும் வெட்டுப்படவில்லை. எது எங்களைத் தள்ளியது, எது சேர்த்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளினிக் நாளில் பஸ் வரும்வரை என் வீட்டுக்காரரால் நிற்க முடியாது. அக்காவின் கதிரையைத்தான் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். யாராவது அதைப் பார்த்தாலே போதும், இரவல் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.